உலகத்திலேயே மோசமான படத்தை நம் மண்டபத்தில் போடலாமா?

சிப்புட்_தம்பி:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு படம் போட்டு வருகிறோம் என்பது இங்கே சிலருக்குத் தெரியும். கோயிலை ஒட்டிய மண்டபம், இரவல் புரொஜெக்டர், மடக்கு நாற்காலி. இதுவரை போட்டதெல்லாம் நல்ல படங்கள்தான். நம் மலேசியத் தமிழ்ப் படம் ‘ஜகாட்’ போட்ட அன்று மட்டும் உட்கார இடமில்லை. மற்ற நாட்களில் ஆட்களைவிட நாற்காலிதான் அதிகம்.

அடுத்த மாதம் தலைகீழாக ஒன்று செய்து பார்க்க ஆசை. உலகமே காறித் துப்பிவிட்டு, அப்புறம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் படங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று. என் தேர்வு ‘தி ரூம்’. டாமி வைசோ என்பவர் எழுதி, இயக்கி, தயாரித்து, கதாநாயகனாகவும் நடித்தது. 2003 ஜூன் 27-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வெளிவந்தது. செலவு ஏறக்குறைய 60 லட்சம் டாலர் என்று சொல்லப்படுகிறது. இரண்டு வாரத்தில் வந்த வசூல் 1,800 டாலர். இன்று அதே படத்துக்கு ஊர் ஊராக நள்ளிரவுக் காட்சி நடக்கிறது, டிக்கெட் தீர்ந்துபோகிறது.

போடலாமா? யோசனை சொல்லுங்கள்.

நள்ளிரவுக்காட்சி:
தம்பி, கோலாலம்பூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறேன். கண்டிப்பாகப் போடு.

அந்தப் படத்தின் விசேஷம் என்னவென்றால், அது ஏழைப் படம் அல்ல. கேமராவை எல்லாரும் வாடகைக்கு எடுப்பார்கள். வைசோ விலைக்கு வாங்கினார். அதிலும் 35 மி.மீ. ஃபிலிம் கேமரா ஒன்று, டிஜிட்டல் கேமரா ஒன்று, இரண்டையும் ஒரே தாங்கியில் பக்கத்தில் பக்கத்தில் பூட்டி ஒரே நேரத்தில் ஓட்டினார். கதை சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கிறது. மொட்டைமாடிக் காட்சிகளை எடுத்ததோ லாஸ் ஏஞ்சல்ஸில், செட் போட்டு, பின்னால் பச்சைத் திரை கட்டி. நிஜ மாடி கிடைக்காத ஊரா அது?

விளக்கு சரி, ஃபோகஸ் சரி, செட்டும் சுமாராகச் சரி. மனிதர்கள்தான் சரியில்லை. கதாநாயகியின் அம்மா உள்ளே வந்து “எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது” என்று மழை வரும் என்பதுபோல் சொல்வார். மகள் கவலைப்படாதே என்பாள். அதோடு சரி, படம் முடியும்வரை யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நாலு பேர் சந்தில் நின்று பந்து வீசுவார்கள். ஏன் என்று கேட்கக் கூடாது.

வரவேற்பறையில் சட்டம் போட்ட கரண்டிப் படம் ஒன்று இருக்கும். அது திரையில் தெரியும்போதெல்லாம் கூட்டம் பிளாஸ்டிக் கரண்டியை வீசும். மறக்காமல் வாங்கி வைக்கவும்.

கிராணி_மகள்:
கரண்டி கிடக்கட்டும். படத்தை முழுசாகப் பார்த்திருக்கிறீர்களா இரண்டு பேரும்? முதல் அரை மணி நேரத்திலேயே படுக்கையறைக் காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன, ஒவ்வொன்றும் ஒரு பாட்டு நீளம். அதே மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு நடக்கிறது. முன்வரிசையில் யார் உட்காருவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோயில் தலைவரின் அம்மா.

இன்னொன்று. தணிக்கை வாரியம் அனுமதிக்காத படத்தைத் திரையிடுவது 2002-ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டப்படி குற்றம். உரிமை வைத்திருப்பவரிடமும் கேட்க வேண்டும். நாலு பேர் வீட்டு ஹாலில் பார்ப்பது வேறு, நோட்டீஸ் ஒட்டிக் கூப்பிடுவது வேறு.

சிப்புட்_தம்பி:
அக்கா, படுக்கையறை சமாச்சாரம் எனக்கு ஞாபகமே வரவில்லை பாருங்கள். சரி, ‘தி ரூம்’ அவுட். வேறு சொல்லுங்கள்.

செம்பனைக்காடு:
வெள்ளைக்காரன் படத்துக்கு ஏன் அலைகிறீர்கள்? ‘யாருக்கு யாரோ’ இருக்கிறதே! 2007-இல் வந்தது, கதாநாயகன் சாம் ஆண்டர்சன். தியேட்டரில் பார்த்தவர்கள் கொஞ்சம், யூடியூபில் அந்த ராசாத்தி பாட்டைப் பார்த்தவர்கள் கணக்கில்லை. என் ஹாஸ்டலில் பரீட்சைக்கு முந்தின இரவு அதைப் பார்க்காமல் யாரும் தூங்கமாட்டார்கள். மனுஷன் ஆடுகிற ஆட்டத்தில் ஒரு துளி கூச்சம் இருக்காது. முகத்தில் “நான் சரியாகத்தான் ஆடுகிறேன்” என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பார்ப்பதற்கே இன்னொரு தடவை போடுவோம்.

கிராணி_மகள்:
எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். அதன் கீழே எழுதியிருக்கும் கமெண்டுகள்தான் பிடிக்காது. பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஆளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்: முகம், உடம்பு, ஊர். அந்தச் சிரிப்பை மண்டபத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து.

லயத்து_மாமா:
நான் வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்தப் பேச்சைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் திடலில் படம் காட்டுவார்கள். சில மாதம் நிர்வாகம் ஏற்பாடு செய்யும், சில மாதம் தகவல் இலாகா வேன் வரும். வேன் வந்தால் முதலில் அரசாங்கச் செய்திப்படம், கொசு ஒழிப்பு, அப்புறம்தான் மற்றது. இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். தோட்டத்து எழுத்தர், அதாவது கிராணி, வீட்டுக்கு நாற்காலி, எங்களுக்குப் பாயும் சாக்கும். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவோம். படம் அங்கேயும் தெரியும், இடம் வலம் மாறித் தெரியும். பின்பக்கத்தில் பார்த்தால் கதாநாயகன் பூராவும் இடது கைக்காரன், தாலிகூட இடது கையால்தான் கட்டுவான்.

ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில்தான் முக்கியமான கச்சேரி. போன ரீலில் நடந்ததை ஒருத்தர் நடித்துக் காட்டுவார், இன்னொருத்தர் அடுத்து என்ன வரும் என்று பந்தயம் கட்டுவார். சில சமயம் ரீலையே வரிசை மாற்றி மாட்டிவிடுவார்கள். செத்தவன் எழுந்து வந்து டூயட் பாடுவான். யாரும் காசைத் திருப்பிக் கேட்டதில்லை, கொடுத்தால்தானே கேட்பதற்கு. வில்லன் வந்தால் சிலிப்பர் பறக்கும். மறுநாள் காலை பால் மரத்துக்குப் போகும்போது சில பேர் காலில் சிலிப்பர் இருக்காது.

அந்தப் படங்களில் எத்தனை மோசமான படம் என்று இன்று யோசித்தால் தெரிகிறது. அன்று அந்தக் கேள்வியே எழவில்லை. மாதத்துக்கு ஒன்று, அடுத்தது வரும்வரை அதுதான் பேச்சு. நீங்கள் சொல்கிற கொண்டாட்டம் நிறையப் படம் பார்த்துச் சலித்தவர்களின் விளையாட்டு என்று எனக்குப் படுகிறது. தப்பு என்று சொல்லவில்லை.

நள்ளிரவுக்காட்சி:
மாமா, சலித்தவர்களின் விளையாட்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் அந்த விளையாட்டு எங்களுக்கு முன்பே உங்கள் திடலில் நடந்திருக்கிறது. திரையோடு பேசுவது, பொருளை வீசுவது, நடித்துக் காட்டுவது. அமெரிக்காவில் இந்தப் பழக்கம் பரவிய கதையைச் சொல்கிறவர்கள் நியூயார்க் வேவர்லி தியேட்டரில் 1976-இல் தொடங்கிய ‘ராக்கி ஹாரர்’ படத்தின் நள்ளிரவுக் காட்சிகளிலிருந்து தொடங்குவார்கள். நம் ஆட்கள் அதற்கு முன்பே சிலிப்பர் வீசியிருக்கிறார்கள், யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

லயத்து_மாமா:
நாங்கள் வீசியது வில்லன் மேல் இருந்த கோபத்தில் தம்பி. படம் எடுத்தவன்மேல் அல்ல.

லைட்பாய்_பேராக்:
மாமா கடைசியாகச் சொன்ன வரிக்காகவே உள்ளே வந்தேன்.

நான் டெலிமூவிகளில் லைட் பிடித்தவன். தீபாவளிக்கு டிவியில் ஒன்றரை மணி நேரம் ஓடுகிற அந்த வகைதான். நீங்கள் சிரிக்கிற ஒவ்வொரு தவறுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். இந்த ஷாட்டில் வெளிச்சம், அடுத்த ஷாட்டில் இருட்டு என்றால் இயக்குநருக்குப் பகல் ராத்திரி தெரியாது என்று அர்த்தமில்லை. வீட்டுக்காரர் ஆறு மணிக்கு வீட்டைத் திருப்பிக் கேட்டிருப்பார். மழை வந்தால் வசனத்தில் மழையைச் சேர்ப்போம். நடிகர் வேலையில் லீவு கிடைக்காமல் வரவில்லை என்றால் அவருடைய வசனத்தை வேறு ஒருவர் போனில் கேட்பதுபோல் மாற்றுவோம். பணமும் நாளும் இல்லாதவன் செய்கிற சமாளிப்பை “உலகத்திலேயே மோசமான” என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினால் எனக்கு வயிறு எரிகிறது.

60 லட்சம் டாலர் வைத்துக்கொண்டு சொதப்பியவனைப் பார்த்துச் சிரியுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். கைக்காசு போட்டு எடுத்தவனை விட்டுவிடுங்கள்.

நள்ளிரவுக்காட்சி:
லைட்பாய் அண்ணே, நீங்கள் சொன்ன சமாளிப்பின் அரசனைப் பற்றித்தான் அடுத்து எழுத இருந்தேன். ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’. எட் வுட் எடுத்தது. 1957-இல் முன்னோட்டமாகக் காட்டினார்கள், பொதுவாக வெளியானது 1959-இல். கறுப்பு வெள்ளை, 79 நிமிடம், படுக்கையறை கிடையாது. அக்காவுக்கும் ஆட்சேபம் இருக்காது.

பழைய டிராகுலா நடிகர் பெலா லுகோசி வுட்டின் நண்பர். 1956 ஆகஸ்டில் இறந்துபோனார். இறப்பதற்கு முன் வேறு ஏதோ படத்துக்காக அவரை வைத்துச் சில நிமிடக் காட்சிகளை ஊமையாக எடுத்து வைத்திருந்தார் வுட். வேறு ஆளாக இருந்தால் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார். வுட் அதைச் சுற்றி ஒரு முழுப் படத்தைக் கட்டினார். மிச்சக் காட்சிகளுக்கு லுகோசியாக நடிக்க வேண்டுமே? மனைவிக்கு முதுகு வைத்தியம் பார்த்தவரைக் கூப்பிட்டார். டாம் மேசன் என்று பெயர். லுகோசியைவிட உயரம், முகச் சாயல் துளியும் கிடையாது. அதனால் படம் முழுக்க மேலங்கியை மூக்குவரை தூக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். பிணம் எழுந்து வருகிறது என்று நாம் பயப்பட வேண்டிய இடத்தில் அவருக்கு முன்னால் வழி தெரிகிறதா என்ற கவலைதான் வரும்.

விமானி அறைக்குக் கதவு இல்லை, துணித் திரைதான். கல்லறைக் கல் ஆளின் கால் பட்டால் ஆடும். ஒரே துரத்தலில் பகலும் இரவும் மாறி மாறி வரும். உங்கள் வீட்டுக்காரர் அங்கேயும் ஆறு மணிக்கு வந்திருப்பார் போலிருக்கிறது.

கிராணி_மகள்:
காசு யார் கொடுத்தது என்பதையும் சொல்லுங்கள், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பாப்டிஸ்ட் சபைக்காரர்கள்! இந்தப் படத்தில் லாபம் வந்தால் அதை வைத்து பக்திப் படம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். முதலில் வைத்த தலைப்பில் கல்லறைக் கொள்ளையர் என்று வந்தது, அது அவர்களுக்கு ஆகவில்லை, தலைப்பு மாறியது. எட் வுட்டும் நடிகர்கள் சிலரும் ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டார்கள், பணம் வரவேண்டுமே. நம் கோயில் கமிட்டியிடம் மண்டபம் கேட்டுப் போகிற நாளில் பளிச்சென்று விபூதி பூசிக்கொண்டு போகிறோமே, அந்த ரகம்.

சிப்புட்_தம்பி:
அக்கா, என் விபூதிப் பூச்சைப் பற்றிப் பேச வேண்டாம்.

செம்பனைக்காடு:
இதில்தானே பறக்கும் தட்டுக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள்?

நள்ளிரவுக்காட்சி:
எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சிலர் கார் சக்கர மூடி என்பார்கள். உண்மையில் அவை கடையில் விற்ற பறக்கும் தட்டு பொம்மைகள், பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற வகை. நூல் தெரிவது மட்டும் நிஜம்.

லைட்பாய்_பேராக்:
சரி, அந்த ஆளுக்கு என்ன கிடைத்தது? அதைச் சொல்லுங்கள்.

நள்ளிரவுக்காட்சி:
உயிரோடு இருந்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை அண்ணே. படத்துக்கு மரியாதையும் இல்லை, அவமரியாதைகூட இல்லை, யாரும் கவனிக்கவில்லை. பின்னிரவு டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. வுட் குடியில் விழுந்தார், வயிற்றுப்பாட்டுக்கு மலிவு நாவல்கள் எழுதினார். 1978 டிசம்பரில் செத்துப்போனார். 1980-இல் மெட்வெட் சகோதரர்கள் எழுதிய ‘கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்’ என்ற கேலிப் புத்தகத்தில் எல்லாக் காலத்துக்கும் மோசமான படம் என்று இதற்குப் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்தால்தான் ஊரெல்லாம் தேட ஆரம்பித்தார்கள். 1994-இல் டிம் பர்ட்டன் வுட்டின் கதையைக் கறுப்பு வெள்ளையில் படமாக எடுத்தார். அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கார், ஒப்பனைக்கும் ஆஸ்கார். வுட் கனவிலும் காணாத மேடை.

லைட்பாய்_பேராக்:
அதாவது, செத்தபிறகு சிரித்தார்கள், சிரித்தபிறகு விருது கொடுத்தார்கள். ஒரு வெள்ளி அவர் கைக்கு வரவில்லை.

செம்பனைக்காடு:
வைசோ விஷயம் வேறு அண்ணே. அவரே நள்ளிரவுக் காட்சிகளுக்கு வருகிறார், கேள்விக்குப் பதில் சொல்கிறார். 2003-இல் சோகப் படம் என்று விற்றதை இப்போது கறுப்பு நகைச்சுவை என்கிறார், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் எடுத்தாராம்! யாரும் நம்புவதில்லை, அவரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

நம் பவர் ஸ்டார் சீனிவாசன் இதைவிடக் கெட்டிக்காரர். 2011-இல் ‘லத்திகா’வில் தானே கதாநாயகன். 2013-இல் ‘கண்ணா லட்டு தின்ன ஆசையா’வில் சந்தானத்தோடு நின்றுகொண்டு தன்னைத்தானே கலாய்க்க விட்டார். ஜனம் அவருக்காகவே தியேட்டருக்குப் போனது. இப்போது சொல்லுங்கள், யார் யாரைப் பார்த்துச் சிரித்தது?

கிராணி_மகள்:
நல்ல கேள்வி. ஆனால் அந்த இரண்டாவது படம் நகைச்சுவைப் படம், அதில் அவர் நகைச்சுவை நடிகர். அது வேலை, அதற்குச் சம்பளம். நாம் பேசிக்கொண்டிருக்கும் வகை அது இல்லை. கண்ணடித்துவிட்டால் முடிந்தது. சுறாமீன் சூறாவளியில் பறந்து வந்து கடிக்கிறது என்று 2013-இல் அமெரிக்க டிவிக்கு ஒன்று எடுத்து, அது ஓடியதும் தொடர்ச்சியாக இன்னும் ஐந்து எடுத்தார்கள். வேண்டுமென்றே செய்த மோசம். ஒரு தடவை பார்க்கலாம். எட் வுட் அப்படி இல்லை. அவர் நல்ல படம் எடுப்பதாக நினைத்துக்கொண்டு எடுத்தார். அணுகுண்டைவிடப் பெரிய குண்டு செய்து மனிதன் அழிந்துபோவான் என்று வேற்றுக்கிரகத்தான் நின்று பிரசங்கம் செய்கிறானே, அதை மனதார எழுதியிருக்கிறார். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் வரும், லேசாகச் சங்கடமாகவும் இருக்கும்.

சஞ்சிக்கூலி_பேரன்:
எல்லாரும் நேர்மை நேர்மை என்று உருகுகிறீர்கள். நேர்மையாக எடுத்த மோசமான படம் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, பத்து நிமிடத்தில் தூக்கம் வரும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு மூன்று என்று விசிடி வாங்கிய காலத்தில் அப்படி எத்தனையோ பார்த்துத் தொலைத்திருக்கிறேன். அவற்றுக்கு ஏன் யாரும் கரண்டி வீசுவதில்லை? சலிப்பாக இருந்தால் எவ்வளவு நேர்மையும் காப்பாற்றாது. ‘பிளான் 9’ தப்பித்தது, அடுத்த வசனம் என்ன வரும் என்று யாராலும் ஊகிக்க முடியாததால். நல்ல இயக்குநர் படத்தில்கூட அடுத்தது தெரிந்துவிடும். இதில் தெரியாது. அதுதான் சரக்கு, மற்றதெல்லாம் நாம் சேர்த்துக்கொள்கிற சென்டிமென்ட்.

நள்ளிரவுக்காட்சி:
சலிப்பு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் ஊகிக்க முடியாததற்கும் நேர்மைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஃபார்முலா தெரிந்தவன் மோசமாக எடுத்தால் ஃபார்முலாதான் தெரியும். இந்த ஆட்களுக்கு ஃபார்முலாவைப் பின்பற்றுவதாக நினைப்பு, பின்பற்ற வரவில்லை. அந்த இடுக்கில் அவர்கள் மண்டைக்குள் இருப்பது வெளியே வந்துவிடுகிறது.

லயத்து_மாமா:
இவ்வளவு பேசியபிறகு எனக்கே பார்க்க ஆசை வந்துவிட்டது. ஆனால் இங்கிலீஷ் படம். என் வயசுக்காரர்களுக்கு எப்படிப் புரியும்?

சிப்புட்_தம்பி:
மாமா, அதற்கு ஒரு யோசனை இருக்கிறது. சப்டைட்டில் வேண்டாம். திரைக்குப் பக்கத்தில் மைக் வைத்து நீங்களே தமிழில் சொல்லுங்கள். ரீல் இடைவெளியில் நடித்துக் காட்டுவார்கள் என்று எழுதினீர்களே, அதையே படம் ஓடும்போது செய்யுங்கள். வசனம் அப்படியே வரவேண்டும் என்று இல்லை.

லயத்து_மாமா:
வேற்றுக்கிரகத்தானுக்கு, தோட்டத்தில் எங்களை மேய்த்த தண்டலின் குரல் கொடுக்கலாமா? “மரத்தைக் காயப்படுத்தாதேடா” என்று.

கிராணி_மகள்:
கொடுங்கள் மாமா!

லைட்பாய்_பேராக்:
ஒரு நிபந்தனையோடு நானும் வருகிறேன், லைட் என் பொறுப்பு. நோட்டீஸில் “மோசமான” என்ற சொல் வேண்டாம். “எட் வுட் எடுத்த படம்” என்று பெயர் போட்டு எழுதுங்கள். படத்துக்கு முன்னால் இங்கே உள்ள பையன்கள் எடுத்த குறும்படம் ஒன்றையும் போடுங்கள். அதற்கு யாரும் மைக்கில் பேசக் கூடாது.

சஞ்சிக்கூலி_பேரன்:
“மோசமான” என்று போடவில்லை என்றால் எவன் வருவான்? ‘ஜகாட்’ 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வான படம், அதனால் மண்டபம் நிறைந்தது. எட் வுட் யார் என்று சிப்புட்டில் யாருக்குத் தெரியும்? நோட்டீஸ் ஆளைக் கூப்பிடத்தான், மரியாதை செய்வதற்கு அல்ல.

லைட்பாய்_பேராக்:
அப்படியென்றால் “செத்தவர் நடித்த படம்” என்று போடுங்கள். பொய்யும் இல்லை, கூட்டமும் வரும்.

சிப்புட்_தம்பி:
அதுவே இருக்கட்டும். கமிட்டியில் கேட்டுவிட்டேன். உரிமை, அனுமதி இரண்டும் எழுத்தில் காட்டினால் மண்டபம் கிடைக்கும் என்றார்கள். எட்டே கால் மணிக்குப் பூசை முடியும், எட்டரைக்கு ஆரம்பித்தால் பத்தே காலுக்குள் கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டும். குறும்படத்தோடு சேர்த்து நேரம் சரியாக இருக்கும். எதையும் வீசக் கூடாது என்பது தலைவரின் கட்டளை, கரண்டியும் சரி, சிலிப்பரும் சரி. மாமா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பீர்களா? படத்தை லேப்டாப்பில் எடுத்து வருகிறேன், ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக் குரல் பிரித்துக்கொள்வோம்.

லயத்து_மாமா:
இருப்பேன். பால் விடாத தே ஓ போதும், பலகாரம் ஒன்றும் வாங்கி வரவேண்டாம். கதையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதே.